கம்பைலரை ஏன் மூன்று முறை கட்டுகிறார்கள்?

மும்பை மான்குர்தில், அணுசக்தி நகர் பேருந்துப் பணிமனைக்கு அருகே, வி.என். புரவ் சாலையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கமாக 1974இல் தொடங்கப்பட்ட இந்த மையத்தைப் பள்ளி மாணவர்கள் அறிவியல் ஒலிம்பியாட் நடத்தும் இடமாக அறிவார்கள். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே பணியாற்றிய ஜி. நாகார்ஜுனா, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தவர். அவருடைய ஆய்வகம் கல்விக்கான மென்பொருள்களை எழுதி, மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்து வைத்தது. ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு அதன் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் உரிமை வேண்டும் என்பது இந்த இயக்கத்தின் அடிப்படைக் கோரிக்கை. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் மூல நிரல் கைக்கு வந்துவிட்டால் பாதி உரிமைதான் வந்திருக்கிறது. அந்த நிரலை நம் கணினியில் நாமே கட்டி, ஓட வைத்து, சரிபார்க்கத் தெரிந்தால்தான் மீதிப் பாதியும் நம்முடையது. அந்த மீதிப் பாதி கம்பைலரில் தொடங்குகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழி வந்த கணினிகளில் மற்ற எல்லா நிரல்களும் அதன் வழியாகத்தான் பிறக்கின்றன.

கம்பைலர், அதாவது தொகுப்பி, நாம் சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதுவதைச் செயலி நேரடியாக நிறைவேற்றும் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல். அது இல்லாத காலத்தை மும்பை பார்த்திருக்கிறது. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான கணினி 1960இல் இயங்கத் தொடங்கியது. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகள் இருந்தும் அதன் நினைவகம் 2,048 சொற்களைத்தான் தாங்கியது. அதற்கு நிரல் எழுதியவர்கள் இயந்திரத்தின் கட்டளை எண்களையே எழுத வேண்டியிருந்தது. 1964இல் அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 கணினி ஃபோர்ட்ரான் கம்பைலரோடு வந்த பிறகுதான், இயற்பியலாளர் ஒருவர் தன் சமன்பாட்டை ஏறக்குறைய அப்படியே எழுதி இயந்திரத்திடம் கொடுக்க முடிந்தது. வசதி பெருகியது, கூடவே ஒரு சார்பும் புகுந்தது. அதற்கு முன் நிரலாளர் எழுதிய கட்டளைதான் இயந்திரத்தில் ஓடியது. அதற்குப் பின் நிரலாளர் எழுதுவதற்கும் இயந்திரத்தில் ஓடுவதற்கும் நடுவே இன்னொருவர் எழுதிய நிரல் வந்து நின்றுகொண்டது.

யூனிக்ஸில் இந்தச் சார்பு ஒரு விசித்திர வடிவம் எடுத்தது. அங்கே சி மொழிக்கான கம்பைலரே சி மொழியில் எழுதப்பட்டது. அப்படியானால் முதல் கம்பைலரைக் கட்ட இன்னொரு கம்பைலர் வேண்டும். உறை மோர் இல்லாமல் பால் தயிராவதில்லை. அந்த உறை மோரும் நேற்றைய தயிரிலிருந்து வந்ததுதான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் முதன்முதலாக வெளியிட்ட ஜிசிசி என்னும் கட்டற்ற கம்பைலருக்கும் இதே நிலைதான். இன்று அதன் புதிய பதிப்பைக் கட்ட, ஏற்கெனவே ஓடும் ஒரு சி++ கம்பைலர் தேவை. ஜிசிசி 4.7தான் வெறும் சி கம்பைலரைக் கொண்டே கட்டக்கூடிய கடைசிப் பதிப்பு. 2013இல் வந்த 4.8 முதல் ஜிசிசியைக் கட்ட சி++ வேண்டும். மிகப் பழைய கணினியில் இன்றைய ஜிசிசியை ஏற்ற விரும்புகிறவர் 4.7இல் கால் வைத்து, இடைப்பட்ட ஒரு பதிப்பைக் கட்டி, அதைக் கொண்டு புதியதைக் கட்ட வேண்டியிருக்கும்.

கட்டும் வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். மூல நிரல் தொகுப்பைப் பதிவிறக்கி, அதனுடன் வரும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்துப் பிரிக்க வேண்டும். துல்லியக் கணக்குகளுக்காக ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று நூலகங்களை ஜிசிசி எதிர்பார்க்கிறது. அவற்றைக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. புதியவர்கள் வழுக்குவது அடுத்த படியில்தான். மூல நிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே கட்டக் கூடாது. வெளியே ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் நின்றுகொண்டு ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்ட்டை ஓட்ட வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் நம் கணினியை ஆராய்ந்து, என்ன செயலி, என்ன இயங்குதளம், எந்தத் தலைப்புக் கோப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, கட்டுமானத் திட்டமாகிய ‘மேக்ஃபைல்’களை எழுதித் தரும். எங்கே நிறுவுவது என்பதை ‘ப்ரிஃபிக்ஸ்’ விருப்பத்தின் மூலம் சொல்லலாம். அதைத் தனி இடமாக வைத்தால் கணினியோடு வந்த பழைய கம்பைலருக்கு ஒரு கீறலும் விழாது. 64 பிட் லினக்ஸில் 32 பிட் தலைப்புக் கோப்புகள் இல்லையென்றால் கட்டுமானம் பாதியில் நிற்கும். 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டும் ‘மல்டிலிப்’ வசதியை முன்பே அணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பிறகு ‘மேக்’ என்று தட்டிவிட்டுச் சாதாரண மடிக்கணினியில் சில மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இந்தக் காத்திருப்பு வீண் இல்லை. இயல்பான அமைப்பில் ஜிசிசி தன்னை மூன்று முறை கட்டிக்கொள்கிறது. கணினியில் இருக்கும் பழைய கம்பைலர், புதிய ஜிசிசியின் மூல நிரலை எடுத்து முதல் கட்டக் கம்பைலரை உருவாக்குகிறது. அந்த முதல் கட்டக் கம்பைலர் அதே மூல நிரலை மறுபடியும் எடுத்து இரண்டாம் கட்டத்தை உருவாக்குகிறது. இரண்டாம் கட்டம், அதே மூல நிரலிலிருந்து மூன்றாம் கட்டத்தை உருவாக்குகிறது. முதல் கட்டத்தின் உள்ளுறுப்புகளைப் பழைய கம்பைலர் தன் பாணியில் கோத்திருக்கும். இரண்டாம் கட்டத்தின் உள்ளுறுப்புகளைப் புதியது தன் பாணியில் கோத்திருக்கும். ஆக, அவை இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டுமே ஒரே மூல நிரலிலிருந்து வந்தவை. எனவே இரண்டின் நடத்தையும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒரே உள்ளீட்டுக்கு இரண்டும் ஒரே வெளியீட்டைத் தர வேண்டும். முதல் கட்டத்தின் வெளியீடுதான் இரண்டாம் கட்டம். இரண்டாம் கட்டத்தின் வெளியீடுதான் மூன்றாம் கட்டம். எனவே இரண்டாவதும் மூன்றாவதும் இம்மி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ‘மேக்’ கடைசியில் இந்த இரண்டு கட்டங்களின் கோப்புகளை ஒப்பிடுகிறது. வேறுபாடு தெரிந்தால் ‘பூட்ஸ்ட்ராப் கம்பாரிஸன் ஃபெய்லியர்’ என்று அறிவித்து நின்றுவிடுகிறது. பழைய கம்பைலரில் பிழை இருந்தாலும், புதியதில் பிழை இருந்தாலும், சில சமயம் நினைவகச் சில்லு பழுதாக இருந்தாலும்கூட இங்கே அகப்படக்கூடும். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு நிரலைக் கடுமையாகச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு உதாரணம் தேட வேண்டியதில்லை. அதன் உடம்பே அதற்குத் தேர்வுத்தாள்.

ஒரே கட்டளையில் ஆயத்தக் கம்பைலரை நிறுவிக்கொள்ள முடியும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். அன்றாட வேலைக்கு அந்த ஆயத்தப் பொதியே போதும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆயத்தப் பொதி, ஏற்கெனவே புழங்கும் செயலிக்குத்தான் கிடைக்கும். சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலியை எடுத்துக்கொள்வோம். அது ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுதியின் மேல் அமைந்தது. அந்தக் கட்டளைத் தொகுதிக்கான ஆதரவு ஜிசிசியின் அதிகாரபூர்வ வெளியீட்டில் 2017இன் 7ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. புதிய செயலிக்கென்று ஒரு தனிக் கட்டளையைச் சேர்த்தால், அதைப் புரிந்துகொள்ளும் கம்பைலரை உலகில் வேறு யாரும் நமக்குச் செய்து வைத்திருக்கப்போவதில்லை. மூல நிரலைத் திருத்திக் கட்டத் தெரிந்தவர்கள் இல்லையென்றால் சில்லு வெறும் சில்லாகவே கிடக்கும். பவாய் ஐஐடியில் உதய் கேத்கர் முன்னின்று நடத்திய ஜிசிசி வள மையம் இதை நன்றாக உணர்ந்திருந்தது. அதன் பயிலரங்கங்களில் ஜிசிசியைக் கட்டமைத்துக் கட்டுவது தனிப் பாடமாகவே இருந்தது; பிறகு ‘ஸ்பிம்’ என்ற பயிற்சிச் செயலிக்கான வர்ணனையைப் படிப்படியாக எழுதி, ஜிசிசியை அதற்கும் நிரல் தர வைத்தார்கள். இப்படி ஒரு மையம் நம் நாட்டின் ஒவ்வொரு மாநிலத்திலும் இருந்திருக்க வேண்டும்.

இதில் அரசியலும் கலந்திருக்கிறது. மான்குர்துக்குப் பக்கத்து ட்ராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம், 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. அதற்கும் முன்பே, வெளிநாட்டு மீத்திறன் கணினிகள் எளிதில் கிடைக்காத நிலையில், 1991 முதல் அந்த மையம் அனுபம் என்ற இணைச்செயல் கணினிகளைத் தானே கட்டத் தொடங்கியிருந்தது. பிற்கால அனுபம் கணினிகள் லினக்ஸில் ஓடின. பெட்டியை விற்க மறுக்கலாம். ஆயத்தக் கம்பைலருக்கான உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கலாம். உலகறியப் பொதுவெளியில் கிடக்கும் மூல நிரலைப் பூட்டி வைப்பது அவ்வளவு எளிதல்ல. ஆனால் கட்டத் தெரியாதவருக்கு அந்த மூல நிரல் பூட்டிய பெட்டியாகவே இருந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ஸன், தன் சகா டென்னிஸ் ரிச்சியோடு பகிர்ந்துகொண்ட டூரிங் விருதுக்கான உரையை 1984இல் வெளியிட்டபோது அதை உலகத்தின் முன் வைத்தார். ஒரு கம்பைலருக்குள் இரண்டு சூழ்ச்சிகளை ஒளித்து வைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, உள்நுழைவு நிரலைக் கண்டால் அதில் ஒரு கள்ள வாசலைச் செருகும். மற்றது, கம்பைலரின் மூல நிரலையே கண்டால் இந்த இரண்டு சூழ்ச்சிகளையும் அதில் செருகும். பிறகு மூல நிரலிலிருந்து சூழ்ச்சியைத் துடைத்துவிடலாம். ஓடும் கம்பைலர் தன் ஒவ்வொரு வாரிசுக்குள்ளும் அதைக் கடத்திக்கொண்டே இருக்கும். மூன்று கட்டச் சோதனை இதைப் பிடிக்காது. இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் ஒரே நஞ்சைச் சுமந்தபடி கச்சிதமாக ஒத்துப்போகும். தன் பேச்சில் தானே முரண்படவில்லை என்பதைத்தான் அந்தச் சோதனை நிரூபிக்கிறது. பேசுவது உண்மை என்பதை நிரூபிக்கவில்லை. இந்த வரம்பை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் அந்த வரம்பைத் தாண்டும் வழியும் மூல நிரலிலிருந்து கட்டும் அதே வேலையிலிருந்துதான் பிறந்தது. டேவிட் வீலர் 2005இல் ஒரு கட்டுரையிலும் 2009இல் முனைவர் பட்ட ஆய்விலும் அதை விளக்கினார். சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூல நிரலை, அதோடு உறவே இல்லாத இன்னொரு கம்பைலரால் கட்டு. கிடைத்ததைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடி கட்டு. வரும் விளைவு, சந்தேகக் கம்பைலர் தன்னைத் தானே கட்டிய விளைவோடு பைட் பைட்டாக ஒத்திருந்தால், மூல நிரலில் இல்லாத எதுவும் உள்ளே இல்லை என்று நம்பலாம்; ஏமாற்ற வேண்டுமானால் இரண்டு கம்பைலர்களிலும் ஒரே சூழ்ச்சி இருந்திருக்க வேண்டும். இன்று அந்த ‘உறவில்லாத’ கம்பைலருக்குப் பஞ்சமில்லை. சி மொழிக்கு ஃபப்ரீஸ் பெல்லார்டின் சின்னஞ்சிறு டிசிசி இருக்கிறது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும், பவாய் ஐஐடியில் படித்த விக்ரம் அட்வேயும் தொடங்கிய எல்எல்விஎம் திட்டத்திலிருந்து வந்த கிளாங் இருக்கிறது. கிக்ஸ் என்னும் லினக்ஸ் வழங்கலை உருவாக்கும் திட்டத்தினர் 2023இல் இன்னும் கீழே இறங்கினார்கள். கையால் சரிபார்க்கக்கூடிய 357 பைட் நிரல் ஒன்றிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஏறி, ஜிசிசி வரைக்கும் எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்தே கட்டிக் காட்டினார்கள். அந்தத் தயிருக்கு உறை மோர் எங்கிருந்து வந்தது என்று இனிக் கேட்டால் ஒரு பக்கத் தாளில் பதில் எழுதிவிடலாம்.

மூல நிரலே கெட்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. 2024இல் அது கற்பனையாக இருக்கவில்லை. எக்ஸ்இஸட் என்ற சுருக்கல் நிரலின் வெளியீட்டுத் தொகுப்பில் கள்ள வாசல் ஒன்று நுழைக்கப்பட்டிருந்ததை, எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய நிரலாளர் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். அதைத் தூண்டிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பின் கட்டுமான ஸ்கிரிப்ட்டில் மட்டும் இருந்தன. கட்டுவதை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பித்தான் அந்த இடத்தைத் தேர்ந்திருக்க வேண்டும். கட்டும் முறை தெரிந்தவர்கள் பெருகினால்தான் அந்த நம்பிக்கை உடையும். ஒவ்வொருவரும் எல்லா வரிகளையும் படிக்க முடியாது. ஆனால் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் ஒரே மூல நிரலைக் கட்டி, ஒரே விளைவு வருகிறதா என்று ஒப்பிட முடியும். டெபியன் போன்ற லினக்ஸ் திட்டங்கள் பல ஆண்டுகளாக அதைச் செய்துவருகின்றன. கட்டுகிறவர் ஒருவர் கூடினால் சாட்சி ஒன்று கூடுகிறது.

மான்குர்திலும் சீட்டா கேம்பிலும் செம்பூரிலும் தாராவியிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, இதற்கு விலை உயர்ந்த கணினி வேண்டாம். லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினியும், சில ஜிபி காலி இடமும், ஒரு விடுமுறை நாளும் போதும். முதலில் டிசிசியைக் கட்டிப் பாருங்கள், வேகமாக முடிந்துவிடும். பிறகு ஜிசிசியை எடுங்கள். நிறுவும் இடமாக உங்கள் சொந்தக் கோப்புறையையே கொடுத்தால் நிர்வாகிக் கடவுச்சொல்கூடத் தேவைப்படாது. நினைவகம் குறைவாக இருந்தால் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுவுவதற்கு முன் ‘மேக் செக்’ ஓட்டத் தவறாதீர்கள். ‘கன்ஃபிகர்’ நடுவில் நின்றுபோனால் பயப்படாமல் ‘கன்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்; காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.