சப்போரோக் கம்பனியின் தீவு, பசறை லயத்தில்

தலையில் தொப்பி, இடுப்பில் ஓலைப் பாவாடை, கையில் கல்கோடாரி. 1990களில் தோட்டத்து லயமொன்றில் டீவி கேமுக்கு முன்னால் குந்தியிருந்த எவருக்கும் இந்த ஆளைத் தெரியும். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பசறையைச் சுற்றியுள்ள கோணகலை, மீதும்பிட்டிய, ஓப்டன் பக்கங்களில் இன்று நாற்பதை எட்டியிருப்பவர்களிடம் பேச்செடுத்துப் பாருங்கள். நத்தை எங்கே ஊர்ந்து வரும், பாம்பு எங்கே நிற்கும், எந்தப் பள்ளத்தை ஓடிவந்துதான் தாண்ட வேண்டும் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வார்கள். அந்த ஆள் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

அவர் உண்மையான மனிதர். பெயர் தொஷியுகி தகஹாஷி. 1959ஆம் ஆண்டு ஜப்பானின் வடக்குக் கோடியில், சப்போரோ நகரத்தில் பிறந்தவர். அதே நகரத்தில் 1973இல் தொடங்கப்பட்ட ஹட்சன் சொஃப்ட் என்ற நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். 1985இல் அந்த நிறுவனம் ஜப்பான் முழுக்க ஊர் ஊராகச் சென்று சிறுவர்களுக்கு வீடியோ கேம் போட்டிகள் நடத்தியபோது மேடையேறி விளையாடிக் காட்டியவர் இவர்தான். ஒரு விநாடிக்குள் பொத்தானைப் பதினாறு தடவை அழுத்துகிறார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த வருடமே அவரைப் பற்றித் திரைப்படம் வந்தது. சினிமா நடிகருக்குக் கிடைக்கும் வரவேற்பு ஒரு கம்பனி ஊழியருக்குக் கிடைத்தது. அந்தப் புகழின் உச்சத்தில், 1986 செப்டெம்பர் 12ஆம் திகதி, அவரையே கதாநாயகனாக வைத்து ஹட்சன் வெளியிட்ட விளையாட்டுத்தான் ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’. அமெரிக்காவுக்கு 1988இல் போனபோது அங்கே தகஹாஷியை யாருக்கும் தெரியாது. ஆகவே நாயகனுக்கு மாஸ்டர் ஹிக்கின்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். பசறைக்கு வந்தபோது இரண்டு பெயரும் இல்லை.

இந்த விளையாட்டுக்கு இன்னொரு தந்தையும் உண்டு. ரியுஇச்சி நிஷிஸாவா என்பவர் எஸ்கேப் என்ற சிறு நிறுவனத்தில் இருந்துகொண்டு, சேகா நிறுவனத்துக்காக 1986இல் ‘வொண்டர் போய்’ என்ற ஆர்கேட் விளையாட்டை வடிவமைத்தார். பெயரும் பாத்திரங்களும் சேகாவுக்குச் சொந்தம். விளையாட்டு எஸ்கேப்புக்குச் சொந்தம். அதாவது உடம்பு ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு. ஹட்சன் உடம்பை வாங்கியது. சேகாவின் பொடியனை எடுத்துவிட்டு, தன் ஊழியர் தகஹாஷியின் முகத்தை வைத்தது. அதே காடு, அதே நத்தை, அதே கோடாரி. ஆள் மட்டும் வேறு. ஒரே விளையாட்டு இரண்டு பெயர்களில் உலகத்தைச் சுற்றியதன் கதை இதுதான்.

நிஷிஸாவாவின் வடிவமைப்பில் என்னை இன்றுவரை ஈர்ப்பது பசி. திரையின் மேலே கோடு கோடாக ஒரு வரிசை இருக்கும். அது அந்த ஆளின் தெம்பு. ஓடினாலும் குறையும், நின்றாலும் குறையும். வழியில் தொங்கும் பழங்களைப் பறித்தால் கொஞ்சம் ஏறும். பால் கிடைத்தால் முழுக்க நிரம்பும். பாதையில் கிடக்கும் சிறு கல்லில் கால் இடறினால் சாக மாட்டான், ஆனால் சில கோடுகள் போய்விடும். எதிரி மேலே பட்டாலோ அந்த இடத்திலேயே உயிர் போகும். கோடுகள் முழுக்கத் தீர்ந்தாலும் அதே கதி. வந்த வழியே திரும்பவும் முடியாது. திரை முன்னால்தான் நகரும். ஆர்கேட் இயந்திரத்தில் காசு போட்டவர் சும்மா நிற்கக் கூடாது என்ற வியாபாரக் கணக்கு இதற்குப் பின்னால் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் விளையாடுகிற கைக்கு அது அப்படித் தெரிவதில்லை. மரியோ விளையாட்டில் மேலே ஓடும் மணிக்கூடு ஒரு இலக்கம்தான், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இங்கே நேரமே வயிறாக மாறியிருக்கிறது. பழத்துக்காகப் பாய்வதா, பள்ளத்துக்குப் பயந்து விட்டுவிடுவதா என்று ஒவ்வொரு சில அடிக்கும் முடிவெடுக்க வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து, றாத்தல் குறைந்தால் சம்பளம் குறையும் என்ற கணக்குக்குள் வளர்ந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கத்தரிக்காயைச் சொல்லாமல் போக முடியாது. முட்டைகளை உடைத்தால் கோடாரி வரும், தேவதை வரும், சறுக்குப் பலகை வரும். சிலவற்றில் கத்தரிக்காய் வரும். அது கூடவே மிதந்து வந்து தெம்பை மளமளவென்று உறிஞ்சும். கத்தரிக்காய்க் கறியை ஒதுக்கிவைத்து அடி வாங்கிய பிள்ளைகள் எல்லாருக்கும் அதில் ஒரு நியாயம் கிடைத்தது. சறுக்குப் பலகை இதைவிட நுட்பமான பரிசு. அதில் ஏறினால் ஒரு அடி தாங்கலாம், ஆனால் நிற்க முடியாது. உதவியையும் ஆபத்தையும் ஒரே பொருளில் வைத்த அந்த யோசனைக்காகவே நிஷிஸாவாவை நான் பெரிய கலைஞர் என்பேன்.

எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு சுற்றுகள், மொத்தம் முப்பத்திரண்டு. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு பூதம். எட்டுப் பூதங்களுக்கும் ஒரே உடம்பு, தலை மட்டும் மாறும். முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம் அதைப்போல் பல மடங்கு பெரியது. காடு, குகை, கடலோரம், பனி என்று அத்தனையையும் அந்தச் சிறு இடத்துக்குள் மடித்து வைத்தவர்களின் கைத்திறனை மதிக்கத்தான் வேண்டும். ஆனாலும் பின்பகுதிச் சுற்றுகள் அநியாயமானவை. பழைய இடங்களே இன்னும் அதிக எதிரிகளோடு திரும்பி வரும். ஒரு கட்டத்துக்கு மேல் திறமையை விட மனப்பாடம்தான் கைகொடுக்கும்.

இந்த விளையாட்டு ஓடிய நின்டெண்டோ கருவி பசறைக்கு வந்ததில்லை. வந்தது அதன் நகல். 1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் வெளியான பமிகொம் என்ற அந்த நின்டெண்டோ கருவியின் சிப்புகளைத் தாய்வான் தொழிற்சாலைகள் நகலெடுத்தன. மைக்ரோ ஜீனியஸ் போன்ற பெயர்களில் நகல் கருவிகள் ஆசியா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா எங்கும் பரவின. சோவியத் யூனியன் உடைந்த பின்னர், 1992இல் ரஷ்யாவுக்குப் போனபோது டெண்டி என்று பெயர் பெற்றன. உலகத்தின் வசதியான பாதிக்கு நின்டெண்டோ என்றால், மீதிப் பாதிக்கு இந்த நகல்கள்தான் வீடியோ கேம்.

தோட்டத்துக்கு நகல் கருவி வந்த வழிகளில் ஒன்று மத்திய கிழக்கு. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாமார், இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளில் கம்பளிப் போர்வை, சவர்க்காரம், பால்மா, ரேடியோ கெசட் இவற்றோடு சில வீடுகளுக்கு டீவி கேமும் வந்தது. அம்மா இல்லாமல் வளர்ந்த இரண்டு வருடத்துக்கு ஈடாக வந்த பொருள் அது. அதை வைத்திருந்த பிள்ளையின் வீட்டு வாசலில் மற்றப் பிள்ளைகள் நின்றதைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பெட்டியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

லயங்களுக்கு மின்சாரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் வெளிச்சம் வந்து பல காலத்துக்குப் பிறகுதான் பல லயங்களுக்கு வந்தது. வந்த பிறகும் ஒரு லயத்துக்கு ஒன்றிரண்டு டீவிதான். அதிலும் பல கறுப்பு வெள்ளை. கத்தரிக்காயின் ஊதா நிறத்தைப் பல பிள்ளைகள் ஒருநாளும் பார்த்ததில்லை. அதன் உருவத்தை வைத்துத்தான் ஒதுங்கினார்கள். கேம் கேசட் வேலை செய்யாவிட்டால் அடியில் ஊதிச் செருகுவது, அடப்டர் சூடானால் நிறுத்திவைப்பது, சனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிப்பது எல்லாம் அந்தக் காம்பராவின் வழக்கங்கள். “அண்ணே, இந்த உயிர் போனா எனக்குக் குடுங்க” என்று பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜப்பானில் தகஹாஷி சிறுவர்களிடம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டீவிக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒரு மணி நேரம் என்பது பெரிய சொத்து.

விளையாட்டைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. இரவு மழைக்கு மின்சாரம் போனால் ஐந்தாம் பகுதியில் நின்றவனும் முதல் காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் ஹட்சன் ஒரு வழி வைத்திருந்தது. முதல் சுற்றின் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு தேனீ ஒளிந்திருக்கும். அது அந்த நிறுவனத்தின் சின்னம். அதைப் பிடித்தவர் எல்லா உயிரும் போன பிறகும் விட்ட பகுதியிலிருந்து தொடரலாம். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லச் சஞ்சிகைகள் இருந்தன. நகல் பெட்டியோடு எந்தப் புத்தகமும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பலர் அந்தத் தேனீயைக் காணாமலேயே, இருந்த உயிர்களை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனார்கள்.

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. பசறையிலிருந்து நமுனுகுல மலை தெரியும், தேயிலை தெரியும், கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்த பதனை தெரியும். கிழக்குக் கரைக்கு மொணராகலை வழியாகப் பாதை இருந்தும், யுத்தக் காலத்தில் பொத்துவில் பக்கம் சும்மா கடல் பார்க்கப் போவதை எந்தத் தோட்டத்துக் குடும்பமும் நினைத்துப் பார்த்திருக்காது. தென்னை, மணல், அலை, தீவு என்ற வெப்பநாட்டுக் காட்சி பல பிள்ளைகளுக்கு முதலில் கிடைத்தது இந்த விளையாட்டில்தான். ஒரு வெப்பநாட்டுத் தீவுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தத் தீவை வெளியிட்டவர்களோ, ஒவ்வொரு குளிர்காலமும் மீற்றர் கணக்கில் பனி கொட்டும் ஊரில், 1972இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊரில் பேர் பெற்ற கம்பனிக்காரர்கள். பனி கொட்டும் ஊரின் கம்பனி விற்ற கனவுத் தீவு அது. அங்கே வேலை செய்கிறவர் ஒருவரும் இல்லை. பழங்கள் தாமாகவே தொங்குகின்றன. உண்மையான தீவின் மலையில் கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகள், அந்தக் கனவுக்குள் போய் ஓடினார்கள்.

பெயர்கள் காணாமல் போனதுதான் எனக்கு ஆறாத விடயம். நகல் கேசட் செய்தவர்கள் பல வேளைகளில் தலைப்புத் திரையிலிருந்த நிறுவனப் பெயரையும் வருடத்தையும் அழித்துவிட்டார்கள். 9999 விளையாட்டு என்று அட்டையில் போட்டு, சில விளையாட்டுகளையே திரும்பத் திரும்ப அடுக்கினார்கள். அந்தத் திருட்டு இல்லையென்றால் லயத்துப் பிள்ளைக்கு இது ஒருநாளும் கிடைத்திருக்காது. அதை மறுக்க முடியாது. ஆனால் கிடைத்த பொருளின் பின்னால் நிஷிஸாவா என்றொரு வடிவமைப்பாளர், தகஹாஷி என்றொரு ஊழியர் இருந்தார்கள் என்பது ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போனது. எங்கள் பாட்டன்மார் பறித்த தேயிலையும் பறித்தவர் பெயர் இல்லாமல்தான் கொழும்புத் துறைமுகம் போனது. செய்தவரின் பெயர் அழிவது என்ன என்பது நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இசையமைத்தவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஜுன் சிகுமா. ‘பொம்பர்மேன்’ விளையாட்டுக்கு இசையமைத்தவரும் இவர்தான். அவருடைய மெட்டு எங்களிடம் வந்து சேர்ந்ததில் ஒரு விசித்திரம் உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சி விநாடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கும். இலங்கைத் தொலைக்காட்சி ஐம்பது தடவை. விளையாட்டின் வேகம் அந்த எண்ணிக்கையோடு கட்டப்பட்டது. ஆகவே எங்கள் டீவிக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. நத்தையும், பாம்பும், பசியும், பாட்டும். சப்போரோக் கம்பனி வெளியிட்டதைவிட நிதானமான ஒரு தீவைத்தான் நாங்கள் விளையாடியிருக்கிறோம்.

ஹட்சன் நிறுவனம் 2012இல் கொனாமியோடு இணைக்கப்பட்டு மறைந்தது. தகஹாஷி அதற்கு முதல் வருடமே வெளியேறிவிட்டார். இன்று கைப்பேசியிலோ கணினியிலோ, பழைய கருவியைப் போல இயங்கும் எமுலேட்டர் போட்டு இந்த விளையாட்டைத் திறக்கும் பசறைக்காரர்கள், என்னவோ வேகமாக இருக்கிறது, கை பிடிக்கவில்லை என்று சொல்வதுண்டு. வயதாகிவிட்டது என்று அவர்கள் நினைக்க வேண்டாம். நெஸ்டோபியா, மெசன் போன்ற எமுலேட்டர்களில் நாட்டைத் தெரிவுசெய்யும் இடத்தில் டெண்டி என்றொரு தெரிவு இருக்கும். அதைப் போட்டால் ஐம்பதுக்கு இறங்கிவிடும். முதல் சுற்றின் முடிவில் தேனீயைத் தேடவும் மறக்க வேண்டாம்.