குந்தினால் எழ முடியவில்லையா? கண்ணிமையையும் பாருங்கள்

"முன்ன மாதிரி வேலை செய்யறதில்லீங்க. குந்தினா எழுந்திருக்கக் கை கொடுக்கணும்ங்கிறா." மனைவியைப் பற்றி இப்படிக் குறைப்படும் கணவன்மார் உண்டு. மாமியார் அதைச் சோம்பல் என்பார். ரத்தக் குறைவு என்று டானிக் வாங்கித் தருவோரும் உண்டு. அது தசையையும் தோலையும் சேர்த்துத் தாக்கும் ஒரு நோயாகவும் இருக்கலாம். டாக்டர்கள் 'டெர்மடோமயோசைட்டிஸ்' என்பார்கள். அபூர்வமான நோய்தான், வந்தால் விட்டுவைக்கக் கூடாது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும்.

கவனித்துப் பாருங்கள். அவளால் பூ கட்ட முடியும், அரிசியில் கல் பொறுக்க முடியும். ஆனால் தலை பின்னக் கையைத் தூக்கினால் தோள் நிற்காது. குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாது, பஸ் படி ஏற முடியாது. தோள், இடுப்பு, தொடைத் தசைகளே முதலில் பலமிழக்கும். வலியைவிடப் பலவீனமே அதிகம்.

தோலையும் பாருங்கள். மேல் இமையில் கத்தரிப்பூ நிறம் படரும். நம் மாநிறத்தில் அது கருமையாகவும் தெரியலாம். விரல் முட்டிகளின் மேல் சொரசொரப்பான தடிப்பு வரும். வெயில் பட்டால் கூடும். சிலருக்குத் தோலில் முதலில் வந்து, பலவீனம் பிறகு வரும்.

இது அம்மையுமல்ல, கண்ணேறுமல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, வேலி பயிரை மேய்ந்த கதையாக, சொந்தத் தசையைத் தாக்குகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். தசை கெட்டால் அதிலுள்ள 'சி.கே.' என்ற பொருள் ரத்தத்தில் கசியும். அதை அளந்து பார்ப்பார்கள். சிலருக்குத் தசையில் சிறு துண்டு எடுத்தும் சோதிப்பார்கள். பெரியவர்களில் சிலருக்கு இந்நோயோடு உள்ளே புற்றுநோயும் இருப்பதுண்டு. அதனால் மார்பு, கருப்பைச் சோதனை என்று சொன்னால் கூச்சப்பட்டு மறுக்காதீர்கள்.

வைத்தியம் உண்டு. முதலில் பிரெட்னிசலோன் மாத்திரை. முகம் ஊதலாம், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம். "முகம் வீங்குதே" என்று நீங்களாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே மெத்தோட்ரெக்சேட் தருவதுண்டு. இது வாரத்துக்கு ஒரே நாள் மட்டும். தினமும் விழுங்கினால் விஷமாகிவிடும். காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். அது கணவர் பொறுப்பாக இருக்கட்டும்.

இளம் தம்பதிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பெண் கருத்தரிக்கக் கூடாது. கரு கலையலாம், குழந்தை ஊனமாகலாம். அதுவரை நிரோத் அல்லது காப்பர்-டி போன்ற பாதுகாப்பு வேண்டும். எது ஏற்றது என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். "அப்ப எங்களுக்குக் குழந்தையே கிடையாதா?" என்று கலங்க வேண்டாம். நோய் சில மாதங்கள் அடங்கியிருந்து, டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்த பிறகு பெற்றுக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனால் மட்டும் அன்றே சொல்லிவிடுங்கள்.

களைக்குப் போனால் தலையிலும் கழுத்திலும் துணி சுற்றிக்கொள்ளட்டும். நோய் தணியத் தணிய, டாக்டர் சொல்லும் பயிற்சிகளை மெள்ளச் செய்யலாம். பலம் திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடத்தை வீட்டு ஆண்கள் தூக்கினால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

சோறு விழுங்கும்போது புரையேறினாலோ, தண்ணீர் மூக்கு வழியே வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ மறுநாள் வரை காத்திராதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.