ஸ்பெயின் கிதாரின் முதுகில் நம்ம ஈட்டி மரம்!

தர்மபுரி, –

ஸ்பெயின் நாட்டு மேடையில் காதல் ராகம் பொழியும் கிதார். அதன் முதுகுப் பலகை தென்னிந்தியக் காட்டில் வளர்ந்த மரம் என்றால் நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆக வேண்டும்!

நம்ம ஊர் இசைக்கருவிக் கடைகளிலும் "ஸ்பானிஷ் கிதார்" உண்டு. மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஹவாயன் கிதாரில் இருந்து பிரித்துச் சொல்ல வந்த பெயர் அது. பெரும்பாலும் இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். அசல் ஸ்பெயினின் பிளமெங்கோ கிதார் வேறு சாமான். அதற்கு நைலான் தந்தி.

நகத்தால் தட்டு!

தெற்கு ஸ்பெயினில் அண்டலூசியா என்ற பகுதி. அங்கே ஜிப்சிகளும் ஏழை ஜனங்களும் பாடி ஆடி வளர்த்த சங்கீதம் பிளமெங்கோ. பாடுகிறவர் தொண்டை கிழியப் பாடுவார். சுற்றி இருப்பவர்கள் கைதட்டித் தாளம் போடுவார்கள். கிதார்காரர் விரல்களை விசிறி போல விரித்துத் தந்திகளை வாரி அடிப்பார். நடுநடுவே நகத்தால் பலகையையே தட்டுவார். பலகை தேயாமல் இருக்க அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டி வைத்திருப்பார்கள். காதல்கூட அந்தப் பாட்டில் குழைந்து வராது. சண்டை போட்டுக்கொண்டேதான் வரும்!

இந்தக் கிதாரை உலகம் சுற்ற வைத்தவர் பாக்கோ டி லூசியா. 2014–ல் காலமானார். பிளமெங்கோவை யுனெஸ்கோ 2010–ல் மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வெள்ளையும் கறுப்பும்

கிதாரில் இரண்டு ரகம். சைப்ரஸ் மரத்தில் செய்தால் "வெள்ளை". எடை குறைவு, சத்தம் வெடுக்கென்று தெறிக்கும். முதுகும் பக்கவாட்டும் ரோஸ்வுட் என்றால் "கறுப்பு". சத்தம் கனமாக நின்று ஒலிக்கும்.

ரோஸ்வுட்டில் பிரேசில் மரத்துக்குத்தான் முதலில் மவுசு. வெட்டித் தீர்த்தார்கள். 1992 ஜூனில் அதன் சர்வதேச வியாபாரத்துக்கே தடை வந்தது. ஏற்கனவே விலை போய்க்கொண்டிருந்த இந்திய ரோஸ்வுட்டுக்கு மேலும் கிராக்கி. அதுதான் நம்ம ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். வீட்டில் கட்டில், பீரோ செய்கிற அதே மரம்.

அதே ஜூன்...

அதே 1992 ஜூன் 20–ந்தேதிதான் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் புகுந்தன. சந்தனக்கட்டை பதுக்கல் என்று காரணம் சொன்னார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டனர். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011–ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்திருந்தனர். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று கோர்ட்டு சொன்னது. 2023–ல் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

சந்தனம் வேறு, ஈட்டி வேறு. ஆனாலும் வெளியூரில் காசாகிற மரம் காட்டில் நின்றால் காட்டோரத்து ஜனங்கள் என்ன பாடு படுவார்கள் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

பெர்மிட் எங்கே?

ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழக சட்டசபை 1994–ல் தனிச் சட்டம் போட்டது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம்.

2017 ஜனவரியில் சர்வதேசக் கட்டுப்பாடும் வந்தது. ஈட்டி மரக் கிதாரை வெளிநாட்டுக்கு விற்கக்கூட பேப்பர் கேட்டார்கள். கிதார் கம்பெனிகள் கூச்சல் போட்டன. 2019–ல் விதியைத் தளர்த்தினார்கள். அதன்படி கிதாராகச் செய்து அனுப்பினால் கேள்வி இல்லை. பலகையாக அனுப்பினால் பெர்மிட் காட்ட வேண்டும்.