ஓர்கிட் வளர்ப்போர் கவனத்திற்கு

வீட்டு விறாந்தையில் ஓர்கிட் வளர்த்து விற்க நினைப்போர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இது மரத்தில் ஒட்டி வாழும் செடி. மண் நிரப்பிய சட்டியில் வேர் அழுகும். போட்ட முதலும் போய்விடும். கரித்துண்டு, செங்கல் துண்டு, தேங்காய்ப் பொச்சு போதும்.

ஆரம்பத்துக்கு டென்ட்ரோபியம் வகை நல்லது. சிறு கன்று பூக்க 2, 3 வருடங்கள் செல்லும். பூக்கும் பருவத்துச் செடியை வாங்கினால் காசு முடங்காது. வேர் வெள்ளையாகத் தெரிந்தால் காலையில் தண்ணீர் விடுங்கள். பச்சையாக இருந்தால் வேண்டாம். ஆசை மிகுந்து மூன்று வேளையும் ஊற்றுபவர்களிடம்தான் செடிகள் அதிகம் சாகின்றன! உச்சி வெயிலும் ஆகாது.

காட்டில் பிடுங்கிய வெசாக் ஓர்கிட்டை மலிவென்று வாங்கி விற்காதீர்கள். இலங்கைக்கே உரிய அவ்வினம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இழைய வளர்ப்பில் பெருக்கிய கன்றுகளையே பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள்.