தேநீர்க் கடையின் தீர்ப்பு!

இராசபாளையம். மாலை நேரம். நூற்பாலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. ஷிப்டு முடிந்து வந்த தோழர்கள் எதிரே இருந்த தேநீர்க் கடையில் கூடினர. தலைமுடியிலே பஞ்சு, கண்களிலே களைப்பு, பெஞ்சின்மீது அன்றைய நாளேடு.

மூக்குக் கண்ணாடி அணிந்த ஒருவர் ஏட்டை எடுத்தார், உரக்கப் படித்தார். ஐந்தாறு பேர் காது கொடுத்தனர். கைப்பேசி வந்த பிறகும் அந்தக் கடையில் இந்தப் பழக்கம் மாளவில்லை. அவர் படித்தது வேறெவர் எழுத்துமன்று. நாம் தீட்டிய கட்டுரை! மூலையில் அமர்ந்திருந்த நம்மை அங்கு எவரும் அறியார். நமது எழுத்து பாட்டாளியின் செவியில் விழுகிறதே என்று பூரித்தோம்.

பூரிப்பு நீடித்ததா? இல்லை! இரண்டாம் பத்தியில் ஒருவர் வடை கேட்டார். மூன்றாம் பத்தியில் இருவர் பேருந்து நேரம் பற்றிப் பேசத் தொடங்கினர். நான்காம் பத்தியில், இருமிக்கொண்டே கேட்டிருந்த பெரியவர் ஒருவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஐந்தாம் பத்தியில், படித்தவரே ஏட்டை மடித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா என்ன சொல்ல வர்றான்னுதான் தெரியல" என்றார்.

தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. மேல்முறையீடு எங்கே செய்வது?

நாம் எழுதியது எதைப் பற்றி? பஞ்சுத் தூசி நோயைப் பற்றி! ஆண்டுக்கணக்கில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பவர்களைப் பற்றும் நுரையீரல் நோய் அது. ஓய்வு நாள் கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். தொடக்கத்தில், மறுநாள் தணிந்தது போலத் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தணியாமலே தங்கிவிடும். இதனைத் தொழிலால் வரும் நோய் என்று சட்டம் ஏற்றிருக்கிறது. இழப்பீடு கேட்க வழியும் வைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் நாம் எழுதாமலில்லை. எழுதினோம், கடைசிப் பத்தியில்! முதல் பத்தியில்? மான்செஸ்டரின் மாண்பு! இரண்டாம் பத்தியில்? இயந்திரப் புரட்சியின் வரலாறு! மூன்றாம் பத்தியில்? நமது அடுக்குமொழியின் அணிவகுப்பு! எழுந்து போன பெரியவரின் இருமல் எத்தகையது என்பதை நாமறியோம், நாம் மருத்துவரல்லர். ஆனால், "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று அவருக்குச் சொல்ல வேண்டிய சொல், அச்சேறியும் அவர் செவியேறாமல் மடிந்தது. குற்றவாளி யார்? கேளாமல் போனவரா? அல்ல, அல்ல! கேட்க வைக்கத் தெரியாத நாமே!

மறுநாள் திருவில்லிபுத்தூர் சென்றோம். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். அங்கே 1875-இல் தொடங்கப்பட்ட பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. நெல்லை மாவட்ட ஆட்சியராக இருந்த ஆங்கிலேயரின் பெயர் தாங்கிய பழம்பெரும் நூலகம். அதன் வாசிப்பு மேசையில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம்: நமக்கு முன்னே நடந்தவர்கள் எப்படி மக்களைக் கட்டி நிறுத்தினார்கள்?

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்! அந்த நாளில் ஏடு நடத்தியவர்கள் யாருக்காக எழுதினார்கள்? படிப்பவருக்காக மட்டுமா? ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்களே, அந்தப் பத்துப் பேருக்காகவும் எழுதினார்கள்.

1925-இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' ஏட்டைத் தொடங்கினார் பெரியார். மேடையிலே பேசுவது போலவே எழுதினார். தாமே கேள்வி கேட்டு, தாமே விடை தந்தார். சொல்லை மட்டுமா எளிமையாக்கினார்? எழுத்தையே எளிமையாக்கினார்! 1935-இல் தமது ஏட்டில் அவர் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை, 1978-இல் தமிழக அரசு ஏற்றது.

1942-இல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய அண்ணா, 1955 முதல் அதிலே தம்பிக்குக் கடிதம் தீட்டினார். ஊர்தோறும் இதழ் சென்றது. ஆயிரமாயிரம் பேர் படித்தனர். ஆனால் விளித்தது ஒருவனை! படித்த ஒவ்வொருவனும், "அண்ணன் என்னைத்தான் அழைக்கிறார்" என்று நினைத்தான். கூட்டத்தை நோக்கிக் கூவினால் கூட்டம் கலையும். ஒருவன் தோளில் கை போட்டுப் பேசினால், அவன் கடைசி வரை உடன் நடப்பான்.

அதே 1942-இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார் சி.பா. ஆதித்தனார். பாமரர் பேசும் சொல்லே செய்திக்கு ஏற்ற சொல் என்று கொண்டார். சின்னச் சொல், சிறிய வாக்கியம், பெரிய தலைப்பு! பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். பாமரர்கள் கைநீட்டி வாங்கினார்கள்.

கடல் கடந்தும் இதுதான் கதை. 1776-இல் அமெரிக்காவில் 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூலை எழுதிய தாமஸ் பெயின், எளியவனுக்கும் விளங்கும் நடையில், முடியாட்சி எதற்கு என்று கேட்டார். கற்றவர் மன்றத்தைத் தாண்டி, கடைவீதிக்கும் அந்தக் கேள்வி சென்றது.

நூலகத்தை விட்டு வெளியே வந்தோம். கடைத்தெருவில் பால்கோவாவின் மணம்! 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமல்லவா? விறகடுப்பின்மீது அகன்ற வாணலி. பாலும் சர்க்கரையும் தவிர வேறில்லை. கிண்டுபவர் கை ஓயவில்லை. ஓய்ந்தால் அடிப்பிடிக்கும், அவசரப்பட்டால் பதம் தவறும். நிரம்பியிருந்த பால் சுண்டச் சுண்டத்தான் சுவை திரள்கிறது.

உறைத்தது நமக்கு! நாம் பாலைச் சுண்டக் காய்ச்சவில்லை; தண்ணீரை ஊற்றிப் பெருக்கியிருக்கிறோம்!

அன்றிரவே மீண்டும் எழுத உட்கார்ந்தோம். மான்செஸ்டர் மறைந்தது. இயந்திரப் புரட்சி ஒரு வரியாயிற்று. அடுக்குமொழிகளில் பாதியை அடித்தோம். அடிக்கும்போது வலித்தது, பெற்ற பிள்ளைகளாயிற்றே! கடைசிப் பத்தியைத் தூக்கி முதலில் வைத்தோம். முதல் வரி இதுதான்: "ஓய்வு நாள் முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் உங்களுக்கு நெஞ்சு இறுகுகிறதா?"

இங்கே ஓர் எச்சரிக்கை, எழுத வரும் இளந்தோழர்களுக்கு. கவர்ச்சி வேண்டும் என்கிறோம். கயமை வேண்டும் என்று சொல்லவில்லை. "ஆலையிலே பயங்கரம்! அம்பலமாகும் மர்மம்!" என்று தலைப்பிட்டிருந்தாலும் கடையே நம்மைத் திரும்பிப் பார்த்திருக்கும். ஆனால் தலைப்பிலே மலையைக் காட்டி, உள்ளே மடுவைக்கூடக் காட்டாதவனை மக்கள் ஒரு முறை நம்புவர். மறுமுறை, அவன் உண்மையைச் சொன்னாலும் நம்பார். இன்றைய கைப்பேசித் திரையில் கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளினால் கட்டுரை காணாமற் போகிறது. அந்த விரலை நிறுத்தப் பொய்யை நாடுவோர் உண்டு. பொய் விரலை நிறுத்தும், மனத்தை நிறுத்தாது. கேட்பவன் வாழ்வில் கிடக்கும் உண்மையை முதலில் எடுத்து வைத்தால், விரலும் நிற்கும், மனமும் நிற்கும்.

அடுத்த கிழமை கட்டுரை வெளிவந்தது. மாலையில் அதே கடை, அதே மூலை. கண்ணாடிக்காரர் முதல் வரியைப் படித்தார். பேச்சு நின்றது. வடை கேட்க வாய் திறந்தவர் வாயை மூடிக்கொண்டார். இருமல் பெரியவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்தார்.

"தம்பி, அந்த மொத வரிய இன்னொரு தரம் படி" என்றார்.

படித்தார். கடைசி வரை படித்தார். பெரியவரின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு அவர் கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

நம்மை எவரும் பாராட்டவில்லை. யார் எழுதியது என்றுகூட எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை!