தம் கேட்கும் அந்த ஐந்து நிமிடம்

சிகரெட்டை விட நினைப்பவரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: மனசு வைத்தால் முடியும். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்தப் பேச்சு எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறது. மனசு வைத்துத்தான் அவர் பாக்கெட்டைக் கசக்கி எறிகிறார். மூன்றாம் நாள் டீக்கடையில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. ஒன்று வாங்கிப் பற்றவைக்கிறார். நமக்கு இதெல்லாம் சரிப்படாது என்று முடிவுகட்டிவிட்டுப் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார். அவர் மனசில் ஒரு கோளாறும் இல்லை. மூன்றாம் நாள் எப்படி இருக்கும், அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

புகையை உள்ளே இழுத்த பத்து, இருபது விநாடிகளில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமைனைச் சுரக்கவைத்து ஓர் இதத்தைத் தருகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மூளை அடுத்ததைக் கேட்கும். நாளைக்குப் பத்து சிகரெட், ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 36,500 முறை இந்த இதம் கிடைக்கிறது. அத்தனை முறையும் அது வேறு ஏதோ ஒன்றோடு சேர்ந்தே கிடைக்கிறது: டீயோடு, சாப்பாடு முடிந்த கையோடு, போன் பேச்சோடு, மேலதிகாரி திட்டிய கோபத்தோடு. அதனால்தான் உடம்பிலிருந்து நிக்கோடின் முழுக்க வெளியேறிய பிறகும் டீ கிளாஸைப் பார்த்தால் தம் ஞாபகம் வருகிறது.

நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சல், படபடப்பு, பசி, தூக்கக் குறைவு, வேலையில் மனம் ஒட்டாமை எல்லாம் தொடங்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். பிறகு மெல்லத் தணிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இடையிடையே தம் கேட்கும் தவிப்பு அலைபோல எழும். ஓர் அலை பெரும்பாலும் ஐந்து நிமிடம் இருக்கும், நீண்டால் பத்து. பற்றவைத்தாலும் அது போய்விடும், பற்றவைக்காவிட்டாலும் போய்விடும். இது தெரியாததால்தான் பலர், இந்தத் தவிப்பு இப்படியே ஏறிக்கொண்டே போகும், சாயங்காலத்துக்குள் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து தோற்கிறார்கள்.

அந்த நிமிடங்களைக் கடக்க டாக்டர்கள் சொல்லும் வழிகள் எளியவை. கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விட வேண்டும். புகைக்கும்போது நீங்கள் செய்துவந்ததும் இதைத்தான், புகை இல்லாமல் இப்போது செய்கிறீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நின்ற இடத்திலிருந்து நகர்ந்துவிடுவது. வாய்க்கு ஒரு கிராம்பு, கொஞ்சம் சோம்பு, நெல்லிக்காய்த் துண்டு, கடலை ஏதாவது பையில் இருக்கட்டும். கைக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

தவிப்பு எப்போது வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். நிறுத்துவதற்கு முந்தைய வாரம், ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும்போது நேரம், இடம், பக்கத்தில் இருந்த ஆள் என மூன்றையும் போனில் குறித்து வாருங்கள். வார முடிவில் உங்கள் வரைபடம் கையில் இருக்கும். இருபது சிகரெட் பிடிப்பவருக்குக்கூட இருபது காரணங்கள் இருக்காது. நான்கைந்துதான் இருக்கும்.

நம் ஊரில் முதல் காரணம் டீக்கடை. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் சிகரெட், கடைக் கம்பத்தில் நூல் கட்டித் தொங்கும் லைட்டர். டீயை விட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். முதல் மாதம் ஆபீசிலோ வீட்டிலோ குடியுங்கள். கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் புகைக்காத ஒருவரோடு போங்கள், உட்கார்ந்து குடியுங்கள், குடித்ததும் கிளம்பிவிடுங்கள். கூட்டாளி நீட்டுவார்: “ஒண்ணே ஒண்ணு மச்சான், ஒண்ணும் ஆகாது.” அதற்கான பதிலை முதல் நாளே வாயில் வைத்திருக்க வேண்டும். “இல்ல மச்சான், விட்டாச்சு. எனக்கு டீ மட்டும் சொல்லு.” விடப்பார்க்கிறேன், முயற்சி பண்றேன் என்றெல்லாம் இழுத்தால் அவர் விடமாட்டார்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் இன்னொன்று, காலைக்கடன். ஒரு தம் இழுத்தால்தான் வயிறு இளகும் என்று நம்பும் ஆண்கள் ஏராளம். இது முழுக்கக் கற்பனை அல்ல. நிக்கோடின் குடலைத் தூண்டுகிறது. நிறுத்திய முதல் வாரங்களில் சிலருக்கு மலச்சிக்கல் வருவது உண்மை. இந்த ஒன்றுக்காகவே மறுபடி பற்றவைத்தவர்கள் இருக்கிறார்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழமோ கொய்யாவோ, சாப்பாட்டில் கீரை, காலையில் சிறு நடை இருந்தால் குடல் சில வாரங்களில் தன் வழக்கத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் டாக்டரிடம் சொல்லி மலமிளக்கி வாங்கிக்கொள்ளலாம்.

சாப்பிட்டு முடித்ததும் வரும் தவிப்பை, உடனே எழுந்து பல் துலக்கிவிட்டால் பாதி வெல்லலாம். சரக்கு அப்படியல்ல. இரண்டு ரவுண்டுக்குப் பிறகு எந்த உறுதியும் நிற்காது. முதல் ஒரு மாதம் குடிக்கும் இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் சரி. அப்புறம் டென்ஷன். டென்ஷனைத் தணிக்கத்தான் பிடிக்கிறேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் தணித்துக்கொள்வதில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற தவிப்பே. விட்டவர்களுக்குச் சில மாதங்களில் பதற்றமும் சோர்வும் முன்பைவிடக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காபி, டீ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்; இது டாக்டர்கள்கூட அதிகம் சொல்லாத விஷயம். புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காஃபினை வேகமாகச் சிதைக்கவைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே நான்கு காபிதான் குடிப்பீர்கள், ரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இருமடங்காகும். கை நடுங்கும், இரவில் தூக்கம் வராது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துவிடுவீர்கள். நிறுத்தும் நாளிலிருந்து காபியையும் டீயையும் பாதியாகக் குறையுங்கள். இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாற வேண்டியிருக்கும். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநலச் சிகிச்சைக்கு ஓலான்சபின், க்ளோசபின் சாப்பிடுபவர்களும், வேறு காரணத்தால் அளவு மாறக்கூடிய இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சிகரெட்டை நிறுத்தப்போவதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருந்து எடுத்துக்கொள்வதை ஏனோ பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். நிக்கோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பேட்சும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009-லிருந்தே இருக்கின்றன. சிகரெட்டில் ஆளைக் கொல்வது தாரும் கார்பன் மோனாக்சைடும் கலந்த புகை; இந்த மருந்துகளில் அது கிடையாது. கொஞ்சம் நிக்கோடினை மெதுவாகக் கொடுத்துத் தவிப்பைத் தணித்து, இரண்டு மூன்று மாதங்களில் அதையும் குறைத்து நிறுத்துவார்கள். 2 மில்லிகிராம் சூயிங்கம் மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும். அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.

இதை மெல்லும் விதம் தெரியாமல்தான் பலர் வேலைக்கு ஆகவில்லை என்று தூக்கிப்போடுகிறார்கள். சாதாரண பபிள்கம்போல மென்றுகொண்டே இருந்தால் எச்சிலோடு நிக்கோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். நாக்கில் மிளகு கடித்தாற்போல் ஒரு சுருக் தெரியும். உடனே மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள். சுருக் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், மறுபடி ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். காபி, டீ, ஜூஸ் குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகே வாயில் போட வேண்டும். வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. டாக்டர் பார்த்துத்தான் எழுத வேண்டும், வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் தானாகத் தொடங்கக் கூடாது.

பீடிக்கு மாறுவது, ‘லைட்’ சிகரெட்டுக்கு மாறுவது, உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் அதக்குவது எதுவும் விடுவதாகாது. ‘வேப்’ எனப்படும் மின்சிகரெட்டை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியா முழுக்கக் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விட உதவும் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பணம் இல்லாதவருக்கும் உதவி இருக்கிறது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குப் பேசக் கட்டணம் கிடையாது. 2016-இல் டெல்லியில் தொடங்கிய இந்தச் சேவையில் பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் சேர்ந்தது, தமிழில் பேசலாம். எத்தனை வருடமாக, நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில் என்று ஆலோசகர் கேட்பார். நிறுத்தும் தேதியை உங்களோடு சேர்ந்து முடிவுசெய்வார். அந்தத் தேதிக்குப் பிறகு அவர்களே கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் புகைக்கும் பெண்களுக்கும், ஊரில் முகம் தெரிந்துவிடுமே என்று தயங்குபவர்களுக்கும் இதைவிட வசதி வேறில்லை. நேரில் போக விரும்பினால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-லிருந்து இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலை நிறுத்த ஆலோசனை கேட்டுப்பாருங்கள்.

அந்தத் தேசிய உதவி எண் 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சாகிறது. ஆனால் நம் பெட்டிக்கடைகளில் பாக்கெட்டாக வாங்குபவர் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் கை மாறுகிறது. பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பை அடைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கைப் படமும் உதவி எண்ணும் கடைக்காரர் பக்கமே நின்றுவிடுகின்றன. விட்டு நான்கு நாள் ஆனவரைப் பாக்கெட் விலை தடுத்து நிறுத்தும், ஒற்றைச் சிகரெட்டின் விலை தடுக்காது. கர்நாடகம் 2017-லும் மகாராஷ்டிரம் 2020-லும் சில்லறை விற்பனையைத் தடைசெய்தன. தமிழ்நாடும் செய்ய வேண்டும், அது பெட்டிக்கடை வரை நடைமுறைக்கு வர வேண்டும்.

இருக்கிற சட்டத்தையே நாம் பயன்படுத்துவதில்லை என்பது என் பெரிய வருத்தம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின்படி பொது இடத்தில் புகைக்கக் கூடாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் உணவகம், அலுவலகம், தியேட்டர், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாவற்றையும் பொது இடத்தில் சேர்க்கின்றன. அங்கே ஆஷ்ட்ரேயோ தீப்பெட்டியோ லைட்டரோ வைத்திருக்கவே கூடாது. ‘புகைபிடிக்கக் கூடாத பகுதி’ என்ற பலகையும், யாரிடம் புகார் சொல்வது என்ற பெயரும் இருக்க வேண்டும். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத பொறுப்பாளர், அங்கே நடந்த மீறல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபராதம் கட்ட வேண்டும். கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயது ஆகாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது.

இவை புகைக்காதவர்களுக்கான பாதுகாப்பு என்றே பேசப்படுகின்றன. விடப் போராடுகிறவருக்குத்தான் இவை இன்னும் அதிகம் தேவை. பக்கத்து மேசையிலிருந்து வரும் ஒரு புகை வாசனை, பத்து நாள் பாடுபட்டதை ஒரு நொடியில் ஆட்டிவிடும். ஆபீஸ் மாடிப்படியில் புகைப்பதை நிறுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. நேற்றுவரை அங்கே நின்று நீங்களே புகைத்திருந்தாலும் அந்த உரிமை போய்விடாது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். “இன்னைக்கும் அடிச்சீங்களா?” என்று சட்டைக் காலரை மோந்துபார்க்காதீர்கள். முதல் இரண்டு வாரம் அவர் சிடுசிடுப்பார். அதைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். எடை நான்கைந்து கிலோ கூடலாம், அதைக் கேலி செய்ய வேண்டாம். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.

ஒரு நாள் தவறி ஒன்றைப் பிடித்துவிட்டால், மீதியைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். எந்த இடம், எந்த நேரம், யார் கூட என்று உங்கள் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து, திங்களிலிருந்து, பொங்கலிலிருந்து என்று தேதி தள்ளாமல், அடுத்த தவிப்பு எழும்போதே விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதுவரை கடந்துவந்த நாள்கள் வீணல்ல. நிறுத்திய ஒரு நாளுக்குள் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு இறங்கியிருக்கும், மாரடைப்பு அபாயமும் குறையத் தொடங்கியிருக்கும். பெரும்பாலானோர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றுதான் முழுதாக விட்டிருக்கிறார்கள். உதவி எண்ணில் இருப்பவர்களுக்கும் அது தெரியும். இரண்டாம் முறை அழைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே தடுக்கியது என்று கேட்டுவிட்டு, புதிய தேதி ஒன்றைக் குறிப்பார்கள்.