அந்தலூஸின் நூதனசாலைகள் சொல்லும் வீட்டுக் கதைகள்

நூதனசாலை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன, சகோதரியே? பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையாய் நடந்து, வாளையும் சிம்மாசனத்தையும் அவசரமாகப் பார்த்துவிட்டு, வெளியே மரநிழலில் சோற்றுப் பார்சலை அவிழ்த்த ஒரு நாள்தானே? மன்னர்களின் பொருட்கள் இருக்கும் இடத்தில் நமக்கு என்ன வேலை என்று பெண்களாகிய நம்மில் பலர் எண்ணுகிறோம். ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவின் நூதனசாலைகளைப் பற்றி அறிந்தால் உங்கள் எண்ணம் மாறிவிடும்.

கி.பி. 711இல் முஸ்லிம்கள் அங்கு கால் பதித்தனர். 1492 ஜனவரி 2ஆம் திகதி கர்னாதா (இன்றைய கிரனடா) கைமாறியதோடு அவர்களது ஆட்சி முடிவுற்றது. குர்துபாவின் பெரிய பள்ளிவாசலையும் அல்ஹம்ரா மாளிகையையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் கட்டிடங்கள் இன்று வெறுமையாகவே நிற்கின்றன. அங்கு வாழ்ந்தவர்கள் எதில் உண்டார்கள், பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பதைச் சொல்பவை நூதனசாலைகளே.

சாப்பாட்டுத் தட்டில் ஒரு சொல்

முதலில் குர்துபாவுக்குச் செல்வோம். நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் மேற்கே மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற மாளிகை நகரின் இடிபாடுகள் உள்ளன. கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 அளவில் கட்டத் தொடங்கிய இந்நகர் நூறாண்டு கூட நிலைக்கவில்லை. 1010ஐ அடுத்து மூண்ட உள்நாட்டுக் குழப்பத்தில் சூறையாடப்பட்டு மண்ணுக்குள் மறைந்தது. 1911இல் அகழ்வு வேலை ஆரம்பமாகியும் இன்றுவரை வெளிவந்திருப்பது நகரின் பத்தில் ஒரு பங்களவே. அதன் அருகே 2009இல் ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. இடிபாடுகளின் அழகை மறைத்துவிடக் கூடாதென்று, பாதி நிலத்துக்குள் புதைந்தாற்போல் அதைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை பீங்கான் தட்டுகள். வெள்ளைப் பூச்சின் மேல் பச்சையும் கருங்கபிலமுமாக வரைந்த தட்டுகள் அவை. பலவற்றில் “அல்முல்க்” என்ற அரபுச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்சியதிகாரம் என்பது அதன் பொருள். ஆட்சி போய்விட்டது, அரண்மனையும் போய்விட்டது. அந்தச் சொல்லைத் தாங்கிய சோற்றுத் தட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது! எத்தனை கைகள் அதைக் கழுவித் துடைத்து அடுக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குர்துபா நகருக்குள் தொல்பொருள் நூதனசாலை வேறாக இருக்கிறது. அதன் கீழே உரோமர் காலத்து நாடக அரங்கின் படிகளைக் காணலாம். அந்த மண்ணின் வரலாறு முஸ்லிம்களோடு தொடங்கவுமில்லை, அவர்களோடு முடியவுமில்லை என்பதை அந்தப் படிகளே சொல்லிவிடுகின்றன.

இன்னாரின் உம்மா

அந்தலூஸின் அரும்பொருட்கள் எல்லாம் அந்தலூசியாவிலேயே இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பல பொருட்கள் ஊர்விட்டு ஊர் போய்விட்டன. அவற்றுள் ஒன்று, தலைநகர் மத்ரித்தின் தேசிய தொல்பொருள் நூதனசாலையில் உள்ள தந்தச் சிமிழ். ஒரு சாணுக்கும் சற்றுக் குறைந்த உயரந்தான். மயில்களும் மான்களும் கொடிகளுமாக இடைவெளியின்றிச் செதுக்கப்பட்டது. பல காலம் சமோரா நகரத்துத் தேவாலயத்தில் இருந்ததால் சமோராச் சிமிழ் என்று அழைக்கிறார்கள்.

கலீபா இரண்டாம் அல்ஹகம் தம் அன்புக்குரிய ஸுப்ஹ் என்ற பெண்மணிக்காக ஹிஜ்ரி 353இல், அதாவது கி.பி. 964இல், இதைச் செய்வித்தார். ஆனால் மூடியைச் சுற்றியுள்ள எழுத்தில் ஸுப்ஹ் என்ற பெயர் இல்லை. “அப்துர் ரஹ்மானின் தாயார்” என்றே இருக்கிறது. நம் ஊர்களில் இன்றும் ஒரு பெண்ணை இன்னாரின் உம்மா என்று அழைக்கிறோமல்லவா? அதே வழக்கந்தான். அந்த மகன் அப்துர் ரஹ்மான் பாலகப் பருவத்திலேயே மௌத்தாகிவிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தாயும் பிள்ளையும் அந்தத் தந்தத்தின் மேல் சேர்ந்தே இருக்கிறார்கள்.

கர்னாதாவில்

அடுத்து அல்ஹம்ராவுக்கு வருவோம். மாளிகைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். பக்கத்திலேயே ஐந்தாம் சார்ள்ஸ் மன்னர் கட்டுவித்த அரண்மனை இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் அல்ஹம்ரா நூதனசாலையும் மேல்மாடியில் நுண்கலை நூதனசாலையும் உள்ளன.

கீழ்த்தளத்தின் பெருமைக்குரிய பொருள் மான் சாடி. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 135 சென்ரிமீற்றர் உயரம். பொன்னிறத்திலும் நீலத்திலும் இரு மான்கள் எதிரெதிரே நிற்கின்றன. இரு கைப்பிடிகளில் ஒன்று உடைந்து போயிற்று. இருந்தும் அதன் அழகு குறையவில்லை. அதைப் பார்த்துவிட்டு, சிறு பொருட்களையும் தேடிப் பாருங்கள். எண்ணெய் விளக்குகள் இருக்கின்றன. பிள்ளைகள் விளையாடிய சின்னஞ்சிறு மண் பாத்திரங்களும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் சிரட்டையில் மண்சோறு ஆக்கி விளையாடுவதில்லையா?

நகருக்குள் இருக்கும் தொல்பொருள் நூதனசாலையில் ஒரு பித்தளைக் கருவியைக் காணலாம். நட்சத்திரங்களின் நிலையையும் நேரத்தையும் கணிக்க உதவும் அஸ்தர்லாப் அது. செய்தவர் இப்னு ஸவால், ஆண்டு 1481. கர்னாதா வீழ்வதற்கு 11 ஆண்டுகளே எஞ்சியிருந்தன. ஆட்சி ஆட்டங்கண்ட நாட்களிலும் ஒரு கைவினைஞர் பொறுமையாக அமர்ந்து நுண்ணிய கோடுகளைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறார்!

சுவருக்குள் ஒளித்த கிதாபு

பிறகு நடந்தது துயரக் கதை. அரபு நூல்கள் பகிரங்கமாக எரிக்கப்பட்டன. மதம் மாற்றப்பட்டு அங்கேயே தங்கியவர்களின் சந்ததியும் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டது. அரபுப் பேச்சு மறந்து போனபோது அவர்களில் பலர் ஸ்பானியப் பாஷையை அரபு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டனர். நம் மூதாதையர் அரபுத் தமிழில் கிதாபுகள் எழுதியதைப் போன்றதுதான் இதுவும்.

2003ஆம் ஆண்டு மாலகா மாகாணத்தின் கூத்தார் என்ற சிறு கிராமத்தில் ஒரு பழைய வீட்டைத் திருத்தினார்கள். சுவரை உடைத்தபோது உள்ளே மூன்று கையெழுத்துப் பிரதிகள்! அவற்றில் ஒன்று முவஹ்ஹிதூன்கள் ஆட்சிக் காலத்துத் திருக்குர்ஆன். அவ்வூர் மார்க்க அறிஞர் முஹம்மத் அல்ஜய்யார், ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் அவற்றைச் சுவருக்குள் ஒளித்து வைத்திருந்தார். அவற்றைக் காத்தது ஒரு சாதாரண வீட்டின் சுவர்.

சகோதரியே, அந்தலூசியாவுக்குப் போக எல்லோருக்கும் வசதி வராது. ஆனால் அடுத்த முறை எந்த நூதனசாலைக்குப் போனாலும் பிள்ளைகளை ஓடவிட்டு எல்லாவற்றையும் பார்க்கச் செய்யாதீர்கள். ஒரு தட்டின் முன்னாலோ விளக்கின் முன்னாலோ நிறுத்துங்கள். “இதை யார் செய்தார்? யார் பாவித்தார்? எப்படித் தப்பியது?” என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அலுமாரியின் மேல்தட்டையும் ஒருமுறை பாருங்கள். உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டமோ, கறையான் அரித்த அரபுத் தமிழ்க் கிதாபோ அங்கே இருக்கக்கூடும். பழைய சாமான்காரனுக்குப் போடுமுன், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.